பாதி முடிவு ஜூனிலேயே: நியூ ஜெர்ஸியில் கவர்னரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நியூ ஜெர்ஸியில் குடியுரிமை வாங்கிய நம்மவர்களில் பலர் நவம்பரில் தவறாமல் போய் ஓட்டுப் போடுகிறார்கள், கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் பிரைமரியில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். "நான் எந்தக் கட்சியிலும் இல்லையே, பிரைமரி கட்சிக்காரங்களுக்குத்தானே" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அப்படி இல்லை. எந்தக் கட்சியிலும் சேராத வாக்காளராகப் பதிந்திருந்தாலும், பிரைமரி அன்று ஓட்டுச்சாவடிக்குப் போய் டெமாக்ரட்டா ரிபப்ளிகனா என்று சொல்லி அந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டை வாங்கி அங்கேயே ஓட்டுப் போடலாம். அதோடு உங்கள் பெயர் அந்தக் கட்சியின் கணக்கில் ஏறிவிடும். வேண்டாம் என்றால் பிறகு ஒரு படிவம் கொடுத்து வெளியே வந்துவிடலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவர் மற்றக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட நினைத்தால்தான் சிக்கல், பிரைமரிக்கு 55 நாள் முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

ஜூனை விட்டால் என்ன போச்சு? 2025 டெமாக்ரட் பிரைமரியில் 6 பேர் நின்றார்கள்: நியூவர்க் மேயர், ஜெர்ஸி சிட்டி மேயர், இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆசிரியர் சங்கத் தலைவர், மாநில செனட்டின் முன்னாள் தலைவர். ஜெயித்த மிக்கி ஷெரில் வாங்கியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான். ஜார்ஜியாவில் பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுபடி போட்டி வைப்பார்கள். நியூ ஜெர்ஸியில் அது கிடையாது, அதிக ஓட்டு யாருக்கோ அவரே வேட்பாளர். நவம்பரில் நீங்கள் போகும்போது அந்த 6 பேரில் ஒருவர்தான் சீட்டில் மிச்சம் இருப்பார்.

அந்தப் பதவியும் சாதாரணமானதல்ல. நம் ஊரில் முதல்வர் செய்யும் வேலைதான் இங்கே கவர்னருக்கு, அதற்கும் மேலே என்றுகூடச் சொல்லலாம். பல மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியை, மக்கள் தனியாகத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே கவர்னர் நியமிக்கிறார், மாநில செனட் ஒப்புதல் தருகிறது. மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அதேபோலத்தான். பட்ஜெட்டில் பிடிக்காத ஓர் ஒதுக்கீட்டை மட்டும் அவரால் வெட்ட முடியும். பதவிக்காலம் 4 ஆண்டு, தொடர்ந்து 2 முறைக்கு மேல் கிடையாது.

இப்போது ஓட்டுச்சீட்டுக்கு வருவோம், ஏனென்றால் பெரிய மாற்றம் நடந்தது அதில்தான். மொத்தம் 21 கவுண்ட்டிகள் (நம் மாவட்டம் மாதிரி), அதில் 19-இல் நீண்ட காலம் 'லைன்' என்று ஒரு வழக்கம் இருந்தது. கவுண்ட்டி கட்சித் தலைமை ஆதரித்தவர்களின் பெயர்கள், கவர்னரிலிருந்து உள்ளூர்ப் பதவி வரை, ஒரே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகும். ஆதரவு கிடைக்காதவர் எங்கேயோ ஓரத்தில், சிலசமயம் ஒரு காலிக் கட்டம் தாண்டி, தனியாக நிற்பார். பரபரப்பில் சீட்டைப் பார்ப்பவர் கண் எங்கே போகும்? கட்சித் தலைமை கைகாட்டியவர் பாதி ஜெயித்த மாதிரிதான். 2024-இல் அமெரிக்க செனட்டுக்கு நின்ற ஆண்டி கிம் இதை எதிர்த்து வழக்குப் போட்டார், மார்ச் கடைசியில் ஃபெடரல் நீதிபதி அந்த ஆண்டு டெமாக்ரட் பிரைமரிக்கு இந்த முறையைத் தடுத்தார். பிறகு சட்டமும் மாறியது. ஒரே பதவிக்கு நிற்கும் எல்லோரும் இப்போது ஒரே கட்டத்துக்குள். லைன் இல்லாமல் நடந்த முதல் கவர்னர் பிரைமரி 2025-இல் நடந்தது. இத்தனை பேர் துணிந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஓட்டுப் போடுகிறவருக்கு இவ்வளவு நல்லது செய்த சீர்திருத்தம் சமீபத்தில் வேறு இல்லை.

பிரைமரி முடிவு அதிகாரபூர்வமாக உறுதியான 30 நாளுக்குள் ஜெயித்தவர் தன் லெஃப்டினன்ட் கவர்னரை, அதாவது தன்னோடு நிற்கும் துணைக் கவர்னரை, அறிவிக்க வேண்டும். நவம்பரில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. முன்பு இந்தப் பதவியே இல்லை. கவர்னர் நடுவில் விலகினால் மாநில செனட் தலைவர் தன் பதவியையும் வைத்துக்கொண்டு கவர்னர் வேலையும் பார்ப்பார். 2001-இலும் 2004-இலும் அப்படி நடந்ததும், 2005-இல் அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: குறிப்பிட்ட தொகை திரட்டித் தகுதி பெற்ற வேட்பாளருக்கு, முதலில் சேர்ந்த ஒரு பகுதி போக மற்ற நன்கொடையில் டாலருக்கு 2 டாலர் வீதம் ஓர் உச்சவரம்பு வரை அரசு தரும். வாங்கினால் செலவுக்குக் கட்டுப்பாடு உண்டு, விவாதங்களிலும் கலந்துகொண்டே ஆக வேண்டும்.

சரி, ஓட்டு யாருக்கு உண்டு? அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும், தேர்தலுக்கு 21 நாள் முன்பே பதிந்திருக்க வேண்டும். நவம்பர் தேர்தலுக்குள் 18 ஆகிவிடும் என்றால் 17 வயதிலேயே பிரைமரியில் ஓட்டுப் போடலாம், 2026 முதல் இது அமல். கிரீன் கார்டு, எச் ஒன் பி வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: லைசன்ஸ் வேலையாகப் போகும்போது வாக்காளர் பதிவு பற்றியும் கேட்பார்கள், குடிமகன் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தவறிப் பதிந்தாலும் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய தலைவலி.

நவம்பரில் தேர்தல் நாளன்று காலை 6 முதல் இரவு 8 வரை வாக்குப்பதிவு. அதற்கு முன் 9 நாள் நேரில் போடும் வசதியும் உண்டு. தபால் ஓட்டுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் தபால் சீட்டு வாங்கியவர் நிரப்பிய உறையை ஓட்டுச்சாவடியில் கொடுக்க முடியாது. தபாலில் அனுப்ப வேண்டும், அல்லது கவுண்ட்டி தேர்தல் அலுவலகத்திலோ அது வைத்திருக்கும் பெட்டியிலோ இரவு 8-க்குள் சேர்க்க வேண்டும். மனம் மாறி நேரில் போனால் மெஷினில் விடமாட்டார்கள், தற்காலிகச் சீட்டு தருவார்கள். ஏற்கெனவே தபாலில் போட்டாரா என்று சரிபார்த்த பிறகுதான் அதை எண்ணுவார்கள்.

அதனால்தான் முடிவு சில நேரம் இழுக்கும். தேர்தல் நாளன்று முத்திரை விழுந்த உறைகள் 6 நாள் வரை வந்தாலும் செல்லும். 2021-இல் அப்போதைய கவர்னர் ஃபில் மர்ஃபி சுமார் 3 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். நவம்பர் 2-ஆம் தேதி தேர்தல், எதிர்த்து நின்ற ஜேக் சியாட்டரெல்லி தோல்வியை ஒப்புக்கொண்டது 12-ஆம் தேதி. 2025-இல் அதே சியாட்டரெல்லி மறுபடி நின்றார், அந்த முறை ஷெரில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததால் அன்றிரவே தெரிந்துவிட்டது. பதவியேற்பு அடுத்த ஜனவரி மூன்றாம் செவ்வாய். அடுத்த கவர்னர் தேர்தல் 2029-இல், அதற்கான பிரைமரி அந்த ஆண்டு ஜூனில்.