பாட்டி அலமாரிக்குள் எவ்வளவு நேரம் இருந்தார்?

சிங்கப்பூர்ப் பாலர் பள்ளியின் கடைசி ஆண்டான கே2 வகுப்பில் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓநாய் பாட்டியை விழுங்கிய இடம் வந்ததும், முன்னால் சம்மணமிட்டு அமர்ந்திருந்த ஒரு சிறுமி கையை உயர்த்தி, "இல்ல டீச்சர், நீங்க தப்பா சொல்றீங்க. பாட்டி அலமாரிக்குள்ள இருந்தாங்க" என்று திருத்தினாள். என் கையில் இருந்தது சென்னையில் அச்சான தமிழ்ப் புத்தகம். அவளுக்கு வீட்டில் அம்மா வாசித்துக் காட்டியதோ நூலகத்தில் இரவல் வாங்கிய ஆங்கிலப் படப்புத்தகம். அதில் ஓநாய் யாரையும் தின்பதில்லை, பாட்டியைத் துணி அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே கதையின் இரண்டு வடிவங்கள் என்று விளக்கத் தொடங்கிய என்னை அவள் விடவில்லை. "அலமாரிக்குள்ள எவ்ளோ நேரம் இருந்தாங்க? மூச்சு விட முடிஞ்சுதா?" என்று கேட்டாள். ஓநாயின் வயிற்றுக்குள் பாட்டி எப்படி மூச்சு விட்டார் என்று 14 ஆண்டுகளில் ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. ஓநாயின் வயிறு என்பது கதைக்குள் மட்டும் இருக்கும் இடம் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். துணி அலமாரியோ அவள் வசிக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் படுக்கையறையிலேயே, கட்டிலுக்கு எதிரே நிற்கிறது. பயத்தைக் குறைக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்த மாற்றம், கதைக்குள் இருந்த பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது.

பாலர் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள் என்பதால் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது, பழைய கதைகளை உள்ளபடியே சொல்வதா, மாற்றிச் சொல்வதா என்பதுதான். உள்ளபடி என்ற ஒன்று எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் கேள்வியே சற்று நழுவிவிடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட சிவப்புத் தொப்பிக் கதையில் வேட்டைக்காரர் யாரும் வருவதில்லை. ஓநாய் பாட்டியைத் தின்று, பேத்தியையும் தின்றுவிட, கதை அங்கேயே முடிந்து, கீழே இளம்பெண்களை எச்சரிக்கும் ஒரு செய்யுள் மட்டும் நிற்கிறது. வயிற்றைக் கிழித்து இருவரையும் காப்பாற்றும் வேட்டைக்காரர், ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில் வருகிறார். நாம் மூலக்கதை என்று நினைத்துக்கொண்டிருப்பதே ஒரு மறுகூறல்தான்.

கிரிம் சகோதரர்கள் தங்கள் தொகுப்பை 1857 வரை ஏழு பதிப்புகளில் திருத்திக்கொண்டே வந்தார்கள். அவர்கள் எதைத் திருத்தினார்கள் என்பதைப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பேன். கோபுரத்தில் அடைபட்ட ரப்புன்சல் முதல் பதிப்பில், தன் உடைகள் ஏன் இறுகிப்போகின்றன என்று தன்னை அடைத்துவைத்தவளிடம் வெகுளியாகக் கேட்பாள். அவள் கருவுற்றிருக்கிறாள் என்ற குறிப்பு அதில் இருந்ததால், பின்னால் அந்த வரி மாற்றப்பட்டது. சிண்டரெல்லாவின் சகோதரிகளுடைய கண்களைப் புறாக்கள் கொத்தும் தண்டனையோ முதல் பதிப்பில் இல்லாமல் 1819இல் புதிதாகச் சேர்க்கப்பட்டது. வெள்ளைப்பனிச் சிறுமியை (ஸ்னோ ஒயிட்) விஷ ஆப்பிள் கொடுத்துக் கொல்லத் துணிந்தவள் 1812இல் அவளைப் பெற்ற தாயே. 1819இல்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் ஹான்சல், கிரெட்டலின் தாயும் அப்படியே 1840இல் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். ஆக, பிள்ளைகளுக்காக என்று சொல்லித் திருத்தினாலும், முதலில் நீக்கப்படுவது பெரியவர்களுக்குக் கூச்சமாக இருப்பதுதான். அன்று கருவுறுதல் கூச்சம் தந்தது, கண்ணைக் கொத்துவது தரவில்லை. இன்று நமக்கு நேர்மாறு. தாய்மையின் பெயர் கெடக்கூடாது என்று செய்த அந்தத் திருத்தத்தை மட்டும் ஏறத்தாழ 200 ஆண்டுகளாக யாரும் தொடவில்லை.

தமிழில் அதற்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாற்றாந்தாய் என்ற சொல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியாது என்பதால் நம் கதைப் புத்தகங்கள் பலவற்றில் அவள் "சித்தி" ஆகிறாள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஒருநாள் வெள்ளைப்பனிச் சிறுமியின் கதையைச் சொல்லி முடித்த பிற்பகலில், கே2க்கு முந்தைய கே1 வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்துப்போக அவனுடைய சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, வழக்கம்போல் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சிறு டப்பா. அதில் தோல் நீக்கி நறுக்கிய ஆப்பிள். அம்மா வேலை முடிந்து வர மாலை ஏழு மணியாகும் வீடு அது. அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்கவைப்பவரே அவர்தான். அவன் என் பின்னால் ஒளிந்துகொண்டு, டப்பாவைப் பார்த்தபடி நகர மறுத்தான். அவர் முகம் வாடியதை இன்றும் மறக்கவில்லை. மறுநாள் அவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கதையில் வருபவள் எனக்கு வெறும் அரசிதான். அவளைப் பெற்ற தாய் என்று 1812க்குத் திரும்பிப்போக எனக்கும் மனம் வரவில்லை என்பதால், கிரிம் சகோதரர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்குச் சற்றுக் குறைவுதான். சித்தி என்ற உறவு தவறான இடத்தில் விழுவது ஒருபுறம் இருக்க, உண்மையாகவே அப்பாவின் மறுமணத்தால் வந்த ஒருவரை அம்மா என்று அழைக்கப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார்கள். கதை நேரத்தில் பாயின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

முத்தத்தைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். அனுமதியில்லாமல் யாரும் தொடக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, தூங்கும் பெண்ணை முன்பின் தெரியாத இளவரசன் முத்தமிடுவதை எப்படி வாசிப்பது என்ற சங்கடம் நியாயமானதே. கிரிம் வடிவத்தில் வெள்ளைப்பனிச் சிறுமிக்கு முத்தமே கிடையாது. கண்ணாடிப் பெட்டியைச் சுமப்பவர்கள் கால் இடறுகிறார்கள், குலுங்கியதில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. முத்தம் 1937இல் வெளிவந்த டிஸ்னி படத்தின் வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. தவளை இளவரசனின் கதையிலும் இளவரசி முத்தமிடுவதில்லை, கோபத்தில் தவளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். சங்கடப்படுவோர் கதையைப் புதிதாக மாற்ற வேண்டியதுகூட இல்லை, பழைய பதிப்பை எடுத்தாலே போதும்.

நான் தவறாக மாற்றிய கதை ஒன்று உண்டு, அது ஐரோப்பியக் கதை அன்று. சிங்கப்பூர்க் கரையை வாள்மீன்கள் தாக்கியபோது, ஆட்களை வரிசையாக நிறுத்திய அரசரின் யோசனையால் உயிர்கள் போய்க்கொண்டிருக்க, வாழைத்தண்டுகளை வேலியாக நட்டால் மீன்களின் மூக்கு அவற்றில் குத்திக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் வழி சொல்கிறான். ஊர் பிழைக்கிறது. இவ்வளவு அறிவுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து என்று அஞ்சிய அரசர் அவனைக் கொன்றுவிடுகிறார். இது செஜாரா மெலாயு என்னும் பழைய மலாய் நூலில் வரும் கதை. அவன் இரத்தம் ஓடிச் சிவந்ததால்தான் ரெட்ஹில், அதாவது புக்கிட் மேரா, அந்தப் பெயரைப் பெற்றது என்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சிறுவன் கொல்லப்பட்டதை எப்படிச் சொல்வது என்று தயங்கி, அரசர் அவனுக்குப் பொற்காசுகள் கொடுத்துப் பாராட்டினார் என்று முடித்துவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் நிம்மதி.

சில வாரங்கள் கழித்து, வெளிப்பயணத்தின்போது எங்கள் எம்ஆர்டி ரயில் ரெட்ஹில் நிலையத்தில் நின்றது. அறிவிப்பைக் கேட்ட ஒரு பையன், "டீச்சர், நீங்க சொன்ன மலை! ஏன் சிவப்பா இருக்கு?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அங்குள்ள மண்ணின் நிறம் சிவப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். அது உண்மையும்கூட, ஆனால் கதைக்கு அது பதில் இல்லை. ஒரு கதையின் கொடுமையான பகுதி பல நேரங்களில் அதன் அச்சாணியாகவும் இருக்கிறது. அதைக் கழற்றினால் கதை பார்வைக்கு அப்படியே நிற்கும், ஆனால் ஓடாது. இப்போது அந்தக் கதையைத் தொடக்கநிலை 1க்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டின் கடைசியில் முழுமையாகவே சொல்கிறேன், கத்தியையோ இரத்தம் வழிவதையோ வர்ணிக்காமல், ஒரே வாக்கியத்தில். சொல்லி முடித்ததும் அமைதியாக இருந்துவிடுகிறேன். அரசர் செய்தது அநியாயம் என்று நான் சொல்லும் முன்பே அவர்கள் சொல்லிவிடுகிறார்கள், சிலர் மிகுந்த கோபத்தோடு.

வீட்டில் கதை சொல்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, புத்தகத்தைப் பிள்ளையின் முன் முதன்முறையாகத் திறக்காதீர்கள் என்பதே. முந்தைய இரவு ஐந்து நிமிடம் ஒதுக்கினால், ஓநாய்க்கு என்ன ஆகிறது, யார் மேல் பழி விழுகிறது என்பது தெரிந்துவிடும். பயமான இடத்தில் கதையை நிறுத்தி விளக்கை அணைக்காதீர்கள். பயம் தீரும் இடம் வரைக்கும் சொல்லிவிடுங்கள், தூக்கம் பத்து நிமிடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. மடியிலிருக்கும் பிள்ளை "போதும்" என்று சொல்ல முடியும், உங்கள் குரலைத் தாழ்த்தச் சொல்ல முடியும். கைத்தொலைபேசியில் தானாக ஓடும் காணொளியிடம் அது முடியாது. வீட்டில் அண்மையில் ஒருவர் இறந்திருந்தாலோ, பிரிவு நேர்ந்திருந்தாலோ, தாயை இழந்த கதைகளைச் சில மாதங்கள் தள்ளிவைப்பது நல்லது. ஒரு கதைக்குப் பிறகு பிள்ளை பல இரவுகள் விழித்து அழுதால் அதைக் கதையின் மேல் மட்டும் போட்டுவிடாமல் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள், பயத்துக்கு வேறு காரணம் இருக்கலாம்.

அலமாரிப் பாட்டியைப் பற்றிக் கேட்ட சிறுமிக்கு அன்று நான் சரியான விடை எதுவும் சொல்லவில்லை. ஆண்டு இறுதியில் பிள்ளைகள் தாங்களே கதை சொல்லும் நாளில், அவள் அந்தக் கதையையே தேர்ந்தெடுத்தாள். அவளுடைய வடிவத்தில் பாட்டி ஓநாயைக் கண்டு தானே அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறார்; பசி தாங்காத ஓநாய் அலமாரியையே விழுங்கிவிடுகிறது. "அதனால வேட்டைக்காரர் ரெண்டு தடவ திறக்கணும் டீச்சர்" என்றாள், இரண்டு விரல்களை நீட்டி. அலமாரிக் கதவில் ஒரு சின்ன ஓட்டை இருந்ததாம், பாட்டி மூச்சு விடுவதற்கு.