விமர்சகர் கொண்டாடும் படம் ஏன் ஓடுவதில்லை?

விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய படம் இரண்டாவது வாரமே தியேட்டரை விட்டுப் போய்விடுகிறது. அவர்கள் கிழித்துத் தொங்கவிட்ட படத்துக்குக் கூட்டம் அலைமோதுகிறது. நாவல், இசை, தொலைக்காட்சித் தொடர், வீடியோ கேம் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். இதற்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு விளக்கம் தயாராக இருக்கிறது. "ஜனங்களுக்கு ரசனை போதாது" என்பார்கள் ஒரு பக்கத்தார். "மேதாவித்தனம் காட்டுகிறார்கள்" என்பார்கள் மறு பக்கத்தார். இவை வசைகள். இவற்றால் எதுவும் விளங்குவதில்லை. இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்று உளவியலாளர்களும் சந்தை ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகளாகத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் படிக்கும்போது, ரசனையின் உயர்வு தாழ்வுக்கு இதில் இருக்கும் பங்கு மிகக் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

முதலில், இடைவெளியின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மாரிஸ் ஹோல்புரூக் என்ற சந்தை ஆய்வாளர் 1999-இல் ஏராளமான திரைப்படங்களை எடுத்துக்கொண்டு, நிபுணர்களின் மதிப்பீட்டையும் பொது மக்களின் விருப்பத்தையும் ஒப்பிட்டார். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகவில்லை. ஒரே திசையில்தான் போயின, ஆனால் தளர்வாக. விமர்சகருக்குப் பிடித்தது மக்களுக்கும் பிடிக்கும் வாய்ப்பு சற்றே அதிகம், அவ்வளவுதான். நம் நினைவில் தங்குவது என்னவோ பெரிய மோதல்கள் மட்டும்தான்.

சரி, அந்தத் தளர்வு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, எவ்வளவு பார்த்திருக்கிறோம் என்பதிலிருந்து வருகிறது.

1970-களின் தொடக்கத்தில் டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் கலை ரசனைக்கு ஒரு வளைவை வரைந்து காட்டினார். ஒரு படைப்பில் புதுமையும் சிக்கலும் மிகக் குறைவாக இருந்தால் சலிப்பு வருகிறது. அவை கூடக் கூட இன்பமும் கூடுகிறது. ஓர் உச்சிக்குப் பிறகு, இன்னும் கூடினால் குழப்பமும் எரிச்சலும்தான் மிச்சம். கவிழ்த்துப் போட்ட கிண்ணம் போன்ற இந்த வளைவில் கவனிக்க வேண்டியது, அதன் உச்சி எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதுதான். பார்க்கும் ஒன்றில் எவ்வளவு புதுமை இருக்கிறது என்பது, அதற்கு முன்னால் நாம் என்னென்ன பார்த்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மாதம் ஒரு படம் பார்ப்பவரை நினைத்துப் பாருங்கள். இடைவேளைக்கு முன் வரும் திருப்பம் அவரைத் தூக்கிவாரிப் போடுகிறது. அதே வாரத்தில் நான்கைந்து படம் பார்க்கும் விமர்சகர், அந்தத் திருப்பம் வரப் போவதை இருபது நிமிடம் முன்பே கண்டுபிடித்துவிடுகிறார். அடுத்து என்ன வரும் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கும். ஊகம் கொஞ்சம் சரியாகவும் கொஞ்சம் தப்பாகவும் போகும்போதுதான் சுவாரசியம். விமர்சகரின் ஊகம் பெரும்பாலும் பலித்துவிடுகிறது. அதனால் அவருடைய வளைவின் உச்சி வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது: வழக்கத்தை மீறும் கதை, அறுபடும் காலவரிசை, பதில் சொல்லாமல் முடியும் முடிவு. இவற்றை அவர் வேண்டுமென்றே தேடிப் போகவில்லை. அவருக்கு இன்பம் கிடைக்கும் இடமே அங்கேதான் மிஞ்சியிருக்கிறது. மாதம் ஒரு படம் பார்ப்பவரை அதே படத்துக்கு முன் உட்கார வைத்தால், அவர் வளைவின் சரிவில் வெகுதூரம் இறங்கிவிட்டிருப்பார். இருவரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். இருவருக்கும் கிடைத்த அனுபவம்தான் வேறு.

பால் சில்வியா என்ற உளவியலாளர் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். ஒன்று நமக்குச் சுவாரசியமாகப் பட வேண்டுமானால் மனம் இரண்டு கேள்விகளுக்கு ஆம் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. இது புதிதா? இதை என்னால் புரிந்துகொள்ள முடியுமா? 2005-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், புரியாத ஒரு கவிதையைச் சிலருக்கு அப்படியே கொடுத்தார். வேறு சிலருக்கு, அது எதைப் பற்றியது என்று ஒரு சின்னக் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தார். கவிதை ஒன்றுதான். ஆனால் குறிப்புக் கிடைத்தவர்களுக்கு அது கூடுதல் சுவாரசியமாக இருந்தது. விமர்சகரின் தலைக்குள் அப்படிப்பட்ட குறிப்புகள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. அந்த இயக்குநரின் பழைய படங்கள், அந்த வகைக் கதையின் மரபு, எந்த விதி எங்கே உடைகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நல்ல விமர்சனம் என்பது அந்தக் குறிப்பை வாசகருக்கும் கடத்துவது. வெறும் மதிப்பெண்ணைக் கடத்தும் விமர்சனம் அந்த வேலையைச் செய்வதில்லை என்பது என் வருத்தம்.

இதுவரை சொன்னது இரு வேறு ஆட்களைப் பற்றி. ஆனால் இந்த இடைவெளி ஒரே ஆளுக்குள்ளும் இருக்கிறது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஆய்வுகள் இவைதான். 1999-இல் டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் முதலியோர், ஒரு பட்டியலைக் கொடுத்துப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்றைக்கே பார்க்கத் தேர்ந்தெடுத்தபோது மக்கள் இலகுவான படங்களின் பக்கம் சாய்ந்தார்கள். சில நாள் கழித்துப் பார்ப்பதற்கு என்றபோது, கனமான, பேர் பெற்ற படங்களை அதிகம் எடுத்தார்கள். பத்தாண்டு கழித்து கேத்தரின் மில்க்மன் குழுவினர், டிவிடியை வீட்டுக்கு அனுப்பி வாடகைக்கு விடும் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 'பார்க்க வேண்டிய' படங்கள் வீட்டில் அதிக நாள் கிடந்தன. 'பார்க்க ஆசைப்பட்ட' படங்கள் சீக்கிரம் திரும்பி வந்தன.

ஒருவர் ஒரு படத்தை மதிப்பதும், வேலை முடிந்து களைத்து வந்த இரவில் அதைப் போட்டுப் பார்ப்பதும் வேறு வேறு முடிவுகள். விமர்சகரிடம் நாம் கேட்பது முதல் முடிவை. வசூல் சொல்வது இரண்டாவதை. நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் ஐந்து நட்சத்திர முறையைக் கைவிட்டு, கட்டைவிரலை உயர்த்தும், தாழ்த்தும் முறைக்கு மாறியதன் பின்னாலும் இதே சிக்கல் இருந்தது. மக்கள் உயர்ந்த நட்சத்திரம் கொடுத்தவையும் உண்மையில் உட்கார்ந்து பார்த்தவையும் ஒத்துப்போகவில்லை. விமர்சகரைப் போல மதிப்பெண் போட்டவர்களே, ரசிகரைப் போலப் படம் பார்த்தார்கள்.

அப்புறம், யாருடைய கருத்து கணக்கில் வருகிறது என்பது. விமர்சகர் தனக்குப் பிடிக்காத வகைப் படங்களையும் பார்த்தாக வேண்டும். பேய்ப்படம் பிடிக்காத ரசிகர் பேய்ப்படத்துக்குப் போவதில்லை. அதனால் 'மக்கள் ரேட்டிங்' என்று நாம் பார்ப்பது, அந்தப் படம் தங்களுக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே நம்பிப் பணம் கொடுத்தவர்களின் ரேட்டிங். அமெரிக்காவில் 1970-களின் கடைசியிலிருந்து இயங்கும் சினிமாஸ்கோர் நிறுவனம் படம் வெளியான முதல் இரவே தியேட்டரில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்கிறது. முதல் இரவு முண்டியடித்து வருபவர்கள் பாதி மனதைக் கொடுத்துவிட்டே உள்ளே வருகிறார்கள்.

இந்தச் சங்கதியைத் தலைகீழாக்கிப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். பாலாஜ் கோவாச், அமாண்டா ஷார்க்கி ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கியப் பரிசு வென்ற நாவல்களையும், அதே பரிசின் இறுதிப் பட்டியல் வரை வந்து தோற்ற நாவல்களையும் எடுத்துக்கொண்டார்கள். குட்ரீட்ஸ் தளத்தில் வாசகர்கள் எழுதிய 38,817 மதிப்புரைகளை அலசினார்கள். பரிசு அறிவித்த பிறகு, வென்ற நாவல்களுக்கு வாசகர் எண்ணிக்கை கூடியது. அவற்றின் சராசரி மதிப்பெண்ணோ, தோற்ற நாவல்களைவிடக் கீழே இறங்கியது. புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. முன்பு அந்த வகை எழுத்தை விரும்புகிறவர்கள் மட்டும் தேடி வந்து படித்தார்கள். பரிசு கிடைத்ததும், வேறு ரசனை கொண்டவர்களும் பரிசை நம்பி வாங்கினார்கள். நடுவர்களின் பாராட்டே அந்தப் புத்தகத்துக்கும் பொது வாசகருக்கும் நடுவே இடைவெளியை அகலமாக்கிவிட்டது.

அளக்கும் கருவியிலும் கோளாறு உண்டு. விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம் காட்டும் சதவீதம், எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற கணக்குதான். நூறு பேரும் 'பரவாயில்லை' என்று எழுதிய ஒரு படம் 100 சதவீதம் வாங்கலாம். எழுபது பேர் மெய்மறந்தும் முப்பது பேர் வெறுத்தும் எழுதிய படம் 70-இல் நிற்கும். இதைத் தரத்தின் மதிப்பெண்ணாக நினைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனால் ஏமாற்றம் நிச்சயம். விமர்சகர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டும்போது, பல சமயம் நாம் திட்டுவது ஒரு வகுத்தல் கணக்கை.

மக்கள் பக்கமும் எல்லாம் சுத்தமான விருப்பம் அல்ல. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் 14,341 பேர் கலந்துகொண்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டும் தெரிந்தன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதையும் பார்த்தார்கள். எண்ணிக்கை தெரிந்த இடத்தில் ஹிட் பாடல்கள் இன்னும் பெரிய ஹிட் ஆயின. எந்தப் பாட்டு ஹிட் ஆகும் என்பதோ உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாடல்கள் அரிதாகவே அடியில் போயின, மிக மோசமானவை அரிதாகவே மேலே வந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. ஆகவே வசூலை மட்டும் காட்டி, 'மக்கள் தீர்ப்பு' என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தத் தீர்ப்பில் பக்கத்து ஆளின் குரலும் கலந்திருக்கிறது.

நாளாக நாளாக இந்த இடைவெளி மாறுவதும் உண்டு. ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' 1946-இல் வந்தபோது தயாரிப்பாளருக்கு நஷ்டம். 1974-இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். அதனால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் காசு கொடுக்காமலே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அடுத்த தலைமுறைக்கு அது மிகவும் பிரியமான படமாகிவிட்டது.

அப்படியானால் திரும்பத் திரும்பக் காட்டினால் எதுவும் பிடித்துவிடுமா? பழகப் பழகப் பிடிக்கும் என்பதை ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே காட்டியிருந்தார். ஜேம்ஸ் கட்டிங் என்ற இன்னோர் உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்களிடம் ஓவியங்களைக் கொண்டு 2003-இல் அதே முடிவுக்கு வந்தார். ஆனால் அவர் காட்டியவை எல்லாமே நல்ல ஓவியங்கள். 2013-இல் ஏரன் மெஸ்கின் குழுவினர் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். மக்களிடம் ஏராளமாக விற்று, விமர்சகர்கள் சற்றும் மதிக்காத ஓர் ஓவியரின் படங்களையும், விமர்சகர்கள் மதிக்கும் ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியரின் படங்களையும் மாணவர்களுக்குப் பலமுறை காட்டினார்கள். முதல்வகை ஓவியங்கள் பார்க்கப் பார்க்கப் பிடிக்காமல் போயின. இரண்டாம் வகைக்கு அந்தச் சரிவு இல்லை. ஒரே பார்வையில் கண்ணுக்குப் படாத குறைகள் மறுபடி மறுபடி பார்க்கும்போது மேலே வந்துவிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. ஒரே மாதிரிப் படங்களை வாரா வாரம் பார்த்துக்கொண்டிருக்கும் விமர்சகரின் சலிப்பிலும் அப்படி ஒரு தகவல் இருக்கலாம்.