மானிட்டருக்கான விளையாட்டை வி.ஆர். ஹெட்செட்டில் விளையாடும்போது கண்ணுக்கு என்ன நேர்கிறது?

கண்ணாடியின் பவர் ஏறிவிட்டதோ என்ற ஐயத்துடன் பரிசோதனைக்கு வரும் இளைஞர்களுள், பேச்சு சற்று நீண்ட பிறகு, தாம் ஒரு வி.ஆர். ஹெட்செட் (கண்களை மூடி அணிந்து மெய்நிகர் உலகைக் காணும் கருவி) வாங்கியிருப்பதைச் சொல்பவர்கள் இப்போது உண்டு. மேலும் இரண்டு கேள்விகள் கேட்டால், கண்வலியும் தலைசுற்றலும் தொடங்கியது வி.ஆருக்கென்றே உருவான விளையாட்டுகளில் அல்ல, மானிட்டரில் ஆடுவதற்காக எழுதப்பட்ட சாதாரணக் கணினி விளையாட்டை ஹெட்செட்டுக்குள் கொண்டுவந்து ஆடியபோதுதான் என்பது தெரியவரும். இரு கண்களும் சேர்ந்து இயங்கும் விதத்தைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் என்ற முறையில், இந்த வேறுபாட்டை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். வி.ஆருக்கென உருவான விளையாட்டில், பார்ப்பவரின் கண்ணுக்கும் உடல் சமநிலைக்கும் எது ஒவ்வாது என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறார். மானிட்டருக்கான விளையாட்டில் அந்த வேலையை யாரும் செய்திருப்பதில்லை. ஆடுபவரே அதைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சாதாரண விளையாட்டை ஹெட்செட்டில் காண மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, விர்ச்சுவல் டெஸ்க்டாப், பிக்ஸ்கிரீன் போன்ற செயலிகளின் வழியே, ஒரு பெரிய திரையரங்கில் அமர்ந்திருப்பதுபோல் தட்டையான திரையில் விளையாட்டைப் பார்ப்பது. இரண்டாவது, வோர்ப்எக்ஸ், யு.இ.வி.ஆர். போன்ற மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்குள் நுழைந்து, இரு கண்களுக்கும் தனித்தனிப் படத்தை வரவழைத்து, தலையசைவை விளையாட்டின் கேமராவோடு இணைப்பது. இவற்றுள், விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினின் 4, 5 ஆகிய பதிப்புகளில் உருவான விளையாட்டுகளுக்கான யு.இ.வி.ஆர். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரவலான பிறகு, இவ்வாறு மாற்றக்கூடிய விளையாட்டுகளின் பட்டியல் மிகவும் நீண்டுவிட்டது. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, கைகளின் இயக்கம் முதல் திரைக்குறிப்புகள் (காட்சியின் மேல் தோன்றும் எழுத்து, எண், குறிகள்) வரை அனைத்தையும் வி.ஆருக்கேற்பத் திருத்தி அமைக்கும் முழு மாற்றம். 2022-இல் வெளியான ஹாஃப்-லைஃப் 2 வி.ஆர். மாற்றம் அத்தகையது. மூன்றாவது வகையில் தொல்லைகள் ஒப்பளவில் குறைவு என்பதால், முதல் இரண்டைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

தட்டைத் திரை வழியில் ஆடுபவர்கள் சொல்லும் முதன்மையான குறை, எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன என்பதாகும். இதற்கும் கண்ணின் பவருக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. 6/6 எனப்படும் இயல்பான பார்வையுள்ள கண்ணின் நுண்மைக்கு ஈடுகொடுக்க, பார்வைக் கோணத்தின் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 60 பிக்சல்கள் தேவை. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட் தருவது பாகைக்கு ஏறத்தாழ 25. பார்வையில் 60 பாகை அகலத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு மெய்நிகர் திரையை அதில் விரித்தால், அகலவாக்கில் கிடைப்பவை சுமார் 1,500 பிக்சல்கள்தாம். 1,920 பிக்சல் அகலமுள்ள சாதாரண மானிட்டரின் நுண்மைகூட அதில் முழுமையாக இறங்குவதில்லை. எனவே, மானிட்டரில் தெளிவாகப் படிக்க முடிந்த வசனம் ஹெட்செட்டில் மங்குவதை வைத்துக்கொண்டு கண்ணாடியை மாற்றத் தேவையில்லை. விளையாட்டின் அமைப்பில் எழுத்தளவைப் பெரிதாக்குவதே இதற்குரிய மருந்து.

கண்ணாடியைப் பற்றி வேறொரு தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. திரை கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடி இல்லாமலேயே விளையாடலாம் என்று பலர் நம்புகின்றனர். ஹெட்செட்டின் லென்ஸ்கள் அந்தத் திரையை ஒளியியல் வகையில் ஏறத்தாழ 1.3 முதல் 2 மீட்டர் தொலைவுக்குத் தள்ளிவிடுகின்றன. மைனஸ் அரை, மைனஸ் முக்கால் அளவிலுள்ளவர்களுக்கு வெறும் கண்ணே போதுமானதாக இருக்கலாம். மைனஸ் 3 உள்ளவருக்குக் கண்ணாடி கட்டாயம் தேவை. நாற்பதைக் கடந்து படிப்பதற்கு மட்டும் கண்ணாடி அணிபவர்களுக்கு ஹெட்செட்டுக்குள் அந்தப் படிப்புக் கண்ணாடி உதவாது. கண்ணாடியும் ஹெட்செட் லென்ஸும் உரசினால் இரண்டிலும் கீறல் விழும் என்பதால், பவருக்கேற்பச் செய்து பொருத்தும் உள்லென்ஸ்கள் நல்ல ஏற்பாடு. அவற்றைச் செய்யக் கொடுக்கும்போது தூரப்பார்வைக்கான பவரையே தர வேண்டும்.

பவரைவிடவும் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இரு கண்மணிகளுக்கு இடையிலான தொலைவு, கண்ணாடிக் கடைகளில் பி.டி. என்று சொல்லும் அளவு. வளர்ந்தவர்களில் இதன் சராசரி ஏறத்தாழ 63 மி.மீ.; ஆனால் ஆளுக்கு ஆள் பத்து மில்லிமீட்டர் வரைகூட வேறுபடும். குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மி.மீ. என மூன்றே நிலைகள் உண்டு. குவெஸ்ட் 3-இல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி இடைப்பட்ட அளவுகளையும் பெறலாம். கண்மணி லென்ஸின் மையத்தை விட்டு விலகினால் படம் மங்குவதோடு, இரு படங்களையும் ஒன்றாக்குவதற்காகக் கண்கள் இயல்புக்கு மாறாகத் திரும்பி நிற்க வேண்டியிருக்கும். நம் மருந்துச் சீட்டுகளில் இந்த அளவு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அளந்து சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகாது.

இனி, இரண்டாவது வழியான மாற்று மென்பொருள்களுக்கு வருவோம். நேரில் ஒரு பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் அதை நோக்கி உட்புறமாகத் திரும்புகின்றன. அதே தொலைவுக்கு விழிலென்ஸும் குவியம் கொள்கிறது. ஹெட்செட்டுக்குள் குவியம் ஒரே தொலைவில் நிலைத்திருக்க, கண்களின் திருப்பம் மட்டும் பொருளுக்குப் பொருள் மாறுகிறது. இந்த முரண்பாடு கண்களைக் களைப்படையச் செய்கிறது என்பதை மார்ட்டின் பேங்க்ஸும் அவருடைய சகாக்களும் 2008-இல் சோதனை வழியே காட்டினர். வி.ஆருக்கென எழுதும் வடிவமைப்பாளர்கள் இதை அறிந்தவர்கள் என்பதால், நெடுநேரம் பார்க்க வேண்டிய எதையும் முகத்துக்கு மிக அருகில் வைப்பதில்லை. மானிட்டர் விளையாட்டிலோ துப்பாக்கியும் கைகளும் கேமராவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டைத் திரையில் அதனால் தீங்கில்லை, முப்பரிமாணத்தில் அவை மூக்கருகே வந்து நிற்கும்.

இதைவிடவும் தொல்லை தருவது குறிவைக்கும் புள்ளி. எதிரி முப்பது மீட்டர் தொலைவில் நிற்க, புள்ளி மட்டும் ஒன்றிரண்டு மீட்டரில் மிதக்குமானால், எதிரியைப் பார்க்கும்போது புள்ளி இரண்டாகத் தெரியும். புள்ளியைப் பார்த்தால் எதிரி இரண்டாகத் தெரிவார். ஆடுபவர் ஒவ்வொரு நொடியும் இவ்விரண்டுக்கும் இடையே கண்களை இழுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குப் பின் புருவத்தின் மேல் வலிக்கிறது என்றால் அதில் வியப்பில்லை. யு.இ.வி.ஆர். மென்பொருளில் திரைக்குறிப்புகளின் தொலைவையும் அளவையும் மாற்ற இடமுண்டு. அவற்றைத் தள்ளி வைத்துப் பெரிதாக்குவது, என் பார்வையில், வேறெந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை.

முப்பரிமாணம் எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்பதும் கண்ணுக்கு முக்கியம். ஒரே படத்தை வரைந்து, ஆழத் தகவலைக் கொண்டு மறுகண்ணுக்கான படத்தை ஊகித்துச் செய்யும் முறை கணினிக்கு எளிது. ஆனால் பொருள்களின் விளிம்புகளில் கலங்கல் தெரியும். இரு கண்களுக்கும் தனித்தனியே வரையும் முறையில் ஆழம் உண்மையாக இருக்கும். எனினும் நிழலோ நீரின் பிரதிபலிப்போ ஒரு கண்ணில் ஒருவாறும் மறு கண்ணில் வேறாகவும் விழுந்தால், மூளை இரண்டையும் ஒன்றாக்க இயலாமல் அந்த இடம் மினுமினுக்கும். அத்தகைய விளைவை அணைத்துவிடுவதே நல்லது. மூன்றாவது முறையில், ஒரு சட்டகம் (ஃபிரேம், அதாவது தொடர்ந்து வரும் படங்களுள் ஒன்று) இடக்கண்ணுக்கும் அடுத்த சட்டகம் வலக்கண்ணுக்கும் மாறி மாறி வரையப்படுகிறது. நின்றுகொண்டிருக்கும் பொருள்களுக்கு இது பொருந்தும். பக்கவாட்டில் ஓடும் வண்டியோ, இரு கண்களுக்கும் வெவ்வேறு நொடித்துளியில் வரையப்படுவதால், இருக்கும் தொலைவைவிட அருகிலோ அப்பாலோ தோன்றும். யு.இ.வி.ஆரில் மாற்றுச் சட்டக முறை கடைசித் தேர்வாக இருக்கட்டும். இரு கண்களுக்கும் ஒரே கணத்தைக் காட்டும் மற்ற முறைகள் இயங்கும்வரை இதை நாட வேண்டாம். முப்பரிமாண ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பையும் அளவோடு கையாள வேண்டும். ஆழம் மிகையானால், தொலைவிலுள்ள காட்சிக்காகக் கண்கள் இணையாக நிற்கும் நிலையையும் தாண்டி வெளிப்புறமாக விலக நேரும். அதற்கு மனிதக் கண்களுக்கு இருக்கும் இடம் மிகச் சிறிது.

கண்ணைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், பெரும்பாலோரை ஹெட்செட்டைக் கழற்ற வைப்பது குமட்டல்தான். கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்துக்குள் குனிந்து படிப்பவருக்கு உட்செவி அசைவை உணர்கிறது, கண் உணர்வதில்லை; ஹெட்செட்டில் நிலை இதற்கு நேர்மாறு, கண் ஓடுகிறது, உட்செவி நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. 2020-இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் போன்ற விளையாட்டுகளில், நடப்பதற்குப் பதிலாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் வசதி வைக்கப்பட்டிருப்பது இதற்காகவே. மானிட்டர் விளையாட்டில் பாத்திரம் ஓடும், குதிக்கும், ஓடும்போது கேமரா குலுங்கும், வெடிச்சத்தத்தில் அதிரும், கதைக்காட்சி வந்தவுடன் ஆடுபவரின் தலையைக் கேளாமலேயே கேமரா தன் போக்கில் திரும்பும். இவை ஒவ்வொன்றும் உட்செவிக்குத் தெரியாமல் நிகழும் அசைவுகள். கேமராக் குலுக்கம், நடையசைவு, அசைவு மங்கல் (மோஷன் பிளர்), ஆழ மங்கல் (டெப்த் ஆஃப் ஃபீல்ட்) ஆகியவற்றை விளையாட்டின் அமைப்புகளிலேயே அணைத்துவிடலாம். கதைக்காட்சிகளைத் தட்டைத் திரைக்கு மாற்றிப் பார்க்கலாம். கைப்பிடியால் திரும்புவதை வழுக்கலாக அல்லாமல், ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட பாகை அளவு வெட்டித் திரும்புமாறு அமைக்கலாம். யு.இ.வி.ஆரில் கேமராவின் மேல்கீழ்ச் சாய்வைத் தலையசைவிலிருந்து பிரித்துவிடும் வசதி ஒன்றும் உண்டு. அதைப் பலர் கண்டுகொள்வதில்லை.

பார்வைப் புலத்தின் அளவு தனியே சொல்லத்தக்கது. மானிட்டர் விளையாட்டு 70 பாகை அகலமுள்ள காட்சியை வரைந்து தருகிறது என்றும், மாற்று மென்பொருள் அதை ஹெட்செட்டின் 100 பாகைக்கு இழுத்து நிரப்புகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நடுப்பகுதி ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பெரிதாகிவிடும். தலையை 10 பாகை திருப்பினால் காட்சி 15 பாகைக்கும் மேல் நகரும். புதுக் கண்ணாடி அணிந்தவர்கள் சில நாள்கள் தரை மிதக்கிறது என்று முறையிடுவதை நாங்கள் அன்றாடம் கேட்கிறோம். அங்கு உருவப் பெருக்கத்தில் ஏற்படும் மாற்றம் நூற்றுக்குச் சிற்சில பங்குதான். ஐம்பது பங்குக்கு மேற்பட்ட மாற்றத்தை மூளை எவ்வாறு ஏற்கும்? ஹெட்செட்டின் அளவையே நேரடியாகப் பயன்படுத்தும் யு.இ.வி.ஆர். போன்றவற்றில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. தலையசைவை மவுஸ் அசைவாக மாற்றித் தரும் முறையில், விளையாட்டின் பார்வைப் புலத்தை அகலமாக்குவதோடு, தலை திரும்பும் அளவும் காட்சி திரும்பும் அளவும் ஒன்றாகும்வரை உணர்திறனைச் சரிசெய்தே ஆக வேண்டும். விளையாட்டுக்குள் மவுஸ் அசைவை மென்மையாக்கும் அமைப்பு இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். அது காட்சியைத் தலைக்குப் பின்னால் தாமதமாக வரச் செய்யும்.

சட்டக வேகம் குறித்துச் சுருக்கமாக: நொடிக்கு 90 படங்கள் காட்டும் 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டுக்கு ஒவ்வொரு சட்டகமும் ஏறத்தாழ 11 மில்லிநொடிக்குள் தயாராக வேண்டும். மானிட்டரில் நொடிக்கு 60 சட்டகங்களுக்கே திணறும் விளையாட்டை இரு கண்களுக்கும் வரையச் சொன்னால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. காட்சியின் அழகைக் குறைத்து வேகத்தைக் காப்பாற்றுங்கள்.

குமட்டலைத் தாங்கிப் பழகினால் உடல் சரியாகிவிடும் என்ற அறிவுரை விளையாடுபவர்களிடையே வழங்கி வருகிறது. இதை நான் ஏற்பதில்லை. பழக்கம் வருவது உண்மை. ஆனால் அறிகுறி தொடங்கும் கணத்தில் கழற்றி, முற்றிலும் தெளிந்த பின், வேறொரு நாளில் குறுகிய நேரம் ஆடுபவர்களுக்கே அது எளிதாக வருகிறது. வாந்தி வரும்வரை இழுத்தவர்களுக்கு ஹெட்செட்டின் வாடையே குமட்டலைக் கிளப்பும் நிலை ஏற்படலாம். பேருந்துப் பயணத்துக்குப் போடும் அவோமின் போன்ற மாத்திரையை விளையாட்டுக்கு முன் போட்டுக்கொள்வதும் தகாது. அது தூக்கத்தைத் தரும் மருந்து. அமர்ந்து ஆடும் கார் ஓட்டும் விளையாட்டு, விமானம் ஓட்டும் விளையாட்டு, பாத்திரத்தைப் பின்னாலிருந்து பார்க்கும் விளையாட்டு ஆகியவற்றில் தொடங்குவது பலருக்கு ஒத்துவருகிறது.

எந்த அறிகுறி முதலில் வந்தது என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி. வியர்வை, வயிற்றுப் பிரட்டல், கொட்டாவி ஆகியவை முந்தினால் காரணம் அசைவு. கன்னமும் நெற்றியும் அழுந்தி வலித்தால், அரைக் கிலோ எடையை முகத்தில் தாங்கும் பட்டையைச் சரிசெய்தால் போதும். இரட்டைப் பார்வை, கண்ணிழுப்பு, மங்கல் ஆகியவை முந்தினால், ஹெட்செட்டுக்குள் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்வேன். உடனே ஆறுதல் கிடைத்தால், தொல்லை இரு கண்களின் ஒத்துழைப்பில் இருக்கிறது. அமைப்புகளைத் திருத்திய பின்னும், வி.ஆருக்கென்றே உருவான விளையாட்டிலும் அது தொடருமானால், கண்களை உட்புறமாகத் திருப்பும் ஆற்றல் குறைந்திருக்கலாம். அல்லது வெளித் தெரியாத மாறுகண் இருக்கலாம். பயிற்சியாலும் உரிய கண்ணாடியாலும் இவற்றுள் பலவற்றைச் சீராக்க முடியும். எல்லோரும் வியக்கும் ஆழம் தனக்கு மட்டும் தெரியவில்லை என்பவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிறுவயதில் கவனிக்கப்படாத சோம்பேறிக் கண் இவ்வாறு வெளிப்படுவதுண்டு.

சிறுவர்களுக்கு இந்த மாற்று வழிகள் வேண்டாம் என்பது என் கருத்து. மெட்டா 10 வயதுக்கும் சோனி 12 வயதுக்கும் கீழ்ப்பட்டோருக்குத் தம் ஹெட்செட்களைப் பரிந்துரைப்பதில்லை, குழந்தையின் பி.டி.க்கு லென்ஸ்கள் பெரும்பாலும் நெருங்கி வருவதுமில்லை. வலிப்பு வந்தவர்கள், அதிலும் மின்னும் ஒளியால் வலிப்பு வந்தவர்கள், மருத்துவரைக் கேளாமல் ஹெட்செட்டை அணியக் கூடாது. மானிட்டரின் ஒரு மூலையில் மின்னி மறைந்த வெடிப்பு இங்கே பார்வை முழுவதையும் நிரப்பும்.

ஆடி முடித்த உடனே இருசக்கர வாகனத்தை எடுக்காதீர்கள். தடுமாற்றமும் தொலைவைக் கணிப்பதில் பிசகும் சிலருக்குச் சற்று நேரம் நீடிக்கும். பரிசோதனைக்கு வருவதானால், ஹெட்செட்டின் பெயர், அதில் வைத்திருந்த பி.டி. அளவு, ஆடிய விளையாட்டு, பயன்படுத்திய மாற்று மென்பொருள், அதன் முப்பரிமாண முறை, தொல்லை தொடங்க ஆன நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். முடியுமானால் ஹெட்செட்டையும் எடுத்து வாருங்கள். வழியில் அதன் லென்ஸ்கள் மீது வெயில் படாதவாறு உறையிலிட்டுக் கொண்டுவர வேண்டும், ஏனெனில் அந்த லென்ஸ்கள் சூரிய ஒளியைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும்.