சஸ்பெண்ட் ஆன சாதனம்: இடைநீக்கமா, துயிலா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கர்னல் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் "யுஎஸ்பி சாதனம் இடைநீக்கம் செய்யப்பட்டது" என்ற வரி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? சாதனம் பழுதாகிவிட்டது, கர்னல் அதைத் துண்டித்துவிட்டது, கழற்றி மறுபடி செருக வேண்டும் என்றுதான். உண்மையில் ஒன்றும் ஆகவில்லை, கொஞ்ச நேரமாக யாரும் அதைப் பயன்படுத்தவில்லை, மின்சாரம் மிச்சமாகட்டும் என்று கர்னல் அதை 'சஸ்பெண்ட்' செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

சஸ்பெண்ட் என்பது லத்தீன் வழிச் சொல், மூலப்பொருள் தொங்கவிடுதல். நம் ஊரில் அது அரசு அலுவலகம் வழியாக வந்ததால் பணியிடை நீக்கம் என்றே மனதில் பதிந்துவிட்டது. அகராதியைப் புரட்டியவர் 'பணி'யை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைக் கர்னலுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

பணியிடை நீக்கம் ஆனவர் தானாக வேலைக்குத் திரும்ப முடியாது, மேலிடத்து ஆணை வர வேண்டும். யுஎஸ்பி விசைப்பலகை அப்படி இல்லை. சஸ்பெண்ட் நிலையில் இருக்கும்போது ஒரு விசையை அழுத்தினால், விழிக்கச் செய்யும் வசதி இயக்கப்பட்டிருக்கும்வரை, அதுவே சைகை அனுப்பித் தன்னையும் மேலே உள்ள ஹப்பையும் (பல சாதனங்களை இணைக்கும் கருவி) எழுப்பிக்கொள்ளும். தண்டனையும் இல்லை, விசாரணையும் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கர்னலில் 'ரிமூவ்' என்று தனியாகவே ஒரு செயல்கூறு உண்டு. தாய்ப்பலகையோடு அட்டைகளை இணைக்கும் பிசிஐ வழிக்கு டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் நிரல், எழுதியவர்களுக்குத் தெரியும்: சாதனம் கிடைத்ததும் 'புரோப்', போகும்போது 'ரிமூவ்'. நீக்கம் என்ற சொல் நியாயமாக அதற்குத்தான் சேரும். அங்கே டிரைவர் சாதனத்தை விட்டுப் பிரிகிறது, பிடித்து வைத்த நினைவகம் எல்லாம் விடுவிக்கப்படுகிறது. சஸ்பெண்டில் டிரைவர் ஒட்டியபடியே இருக்கும், சாதனத்துக்காகக் கர்னல் காட்டும் அடைவும் (கோப்புறை) அப்படியே இருக்கும், அதற்குள் 'பவர்' அடைவில் ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் 'சஸ்பெண்டட்' என்று இருக்கும். டி3 கோல்ட் என்ற ஆழ்ந்த நிலையில் மின்சாரத்தையே வெட்டிவிடுகிறார்களே என்று ஒருவர் கேட்கலாம். சரி, மின்சாரம் போகிறது, ஆனால் கர்னலின் கணக்கில் சாதனம் எங்கும் போகவில்லை. இரண்டுக்கும் நீக்கம் என்றே எழுதினால் டிரைவர் கற்கிற பையன் எதை எங்கே எழுதுவான்?

"இடைநிறுத்தம்" கொஞ்சம் தேவலை. ஆனால் அது பாட்டை நடுவில் நிறுத்துவது மாதிரி, ஓடிக்கொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்தியதாகக் காட்டுகிறது. கர்னல் செய்வது நேர் எதிர். வேலை முடியும்வரை காத்திருக்கிறது. டிரைவர் சாதனத்தைத் தொடும்போது ஒரு எண்ணிக்கையை ஏற்றும், முடிந்ததும் இறக்கும், அது பூஜ்யமாகி, கீழே தொங்கும் சாதனங்களும் அடங்கி, அப்புறம் குறித்த இடைவெளியும் கழிந்தால்தான் (யுஎஸ்பிக்கு வழக்கமாக 2 விநாடி) சஸ்பெண்ட்.

என் தேர்வு துயில். ஆங்கிலத்திலேயே மறுபக்கத்துச் சொல் 'வேக்கப்', அதாவது விழிப்பு, அதற்கு ஜோடி நீக்கம் ஆக முடியாது. தமிழில் துயில், துயிலெழுதல், துயிலெழுப்புதல் என்று மூன்றும் ஒரே வேரில் கிடைக்கின்றன: சஸ்பெண்டுக்குத் துயில், அதிலிருந்து திரும்பும் ரெஸ்யூமுக்குத் துயிலெழுதல், வேக்கப் சைகைக்குத் துயிலெழுப்புதல். ரெஸ்யூமை "மறுதொடக்கம்" என்று எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்தான். மறுதொடக்கம் என்றால் ரீஸ்டார்ட். பிசிஐ சாதனம் மின்சாரம் வெட்டப்படாத டி3 ஹாட் நிலையிலிருந்து முழு இயக்க நிலையான டி0-வுக்கு வர 10 மில்லி விநாடி காத்தால் போதும் என்பது பொதுவிதி, அதைப் போய் மறுதொடக்கம் என்பதா?

இந்தச் சாதனத் துயில் ஏற்பாட்டின் பெயர் 'ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்', அதில் 'ரன்டைம்' பாடும் பரிதாபம்தான். நிகழ்நேரம் என்று எழுதுகிறார்கள், அது ரியல்டைம். இங்கே ரன்டைம் என்பது கணினி முழுவதும் உறங்கப் போகாமல் ஓடிக்கொண்டிருக்கும் காலம். 2009-இல் கர்னலின் 2.6.32 பதிப்பில் நிரலாளர் ரஃபேல் விசோட்ஸ்கியின் உழைப்பில் இந்தப் பொதுக் கட்டமைப்பு வந்ததே, முழுக் கணினியின் உறக்கத்திலிருந்து ஒவ்வொரு சாதனத்தின் துயிலைப் பிரிக்கத்தான். ஆகவே இயங்குகாலத் துயில். 'பவர்' பாடப்புத்தகப்படி திறன், ஆனால் திறன் மேலாண்மை என்றால் ஆள்களின் திறமையைப் பற்றியது என்று ஆகிவிடும், அதனால் மின் மேலாண்மை என்பதே எனக்குச் சம்மதம். இயந்திர மொழிபெயர்ப்பு இதை "அதிகார மேலாண்மை" ஆக்கியதையும் திருத்தாமல் வெளியிடுகிறார்கள்.

யுஎஸ்பியின் கடைசிச் சொல்லான பஸ்ஸைப் பேருந்து ஆக்குவதை மன்னிக்கவே முடியாது. ஆம்னிபஸ், எல்லோருக்கும் என்று பொருள், அதன் வால்தான் பஸ். சாலையில் அது வண்டி, கணினியில் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் வழி. பாதை என்ற பொருளில் பாட்டை என்று அருமையான சொல் இருக்கும்போது "வன்பொருள் பேருந்து சாதனங்கள்" என்று அச்சேற்றுகிறவர், ஒரு முறையாவது தாய்ப்பலகையைக் குனிந்து பார்த்திருக்க வேண்டாமா? எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்: பாட்டைச் சாதனங்களுக்கான இயங்குகால மின் மேலாண்மை. நீளம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைச் செய்கிறது.