அபாரிஜினல் ஃபீல்ட் ஆபீசர்: தமிழில் என்ன சொல்வது?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், தேசியப் பூங்காத் துறையில் 'அபாரிஜினல் ஃபீல்ட் ஆபீசர்' என்று ஒரு பதவி உண்டு. 'பழங்குடியினர் கள அலுவலர்' என்று தமிழில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதைப் படிக்கிற நம் ஊர்க்காரர் மனத்தில் யார் வந்து நிற்பார்? ஜீப்பில் இறங்கி, மலைக்கிராமத்தில் சாதிச் சான்றுக்கு மனு வாங்கிக்கொண்டு போகும் அதிகாரி. உண்மையில் அந்தப் பதவியில் இருப்பவர் கையில் மனு இருக்காது. மரம் அறுக்கும் இயந்திரமோ களைக்கொல்லித் தெளிப்பானோ இருக்கும். அவரே தொல்குடியைச் சேர்ந்தவராகவும் இருப்பார். மூன்று சொல்லில் இரண்டு நம்மை வேறு திசைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டன.

முதலில் 'ஆபீசர்'. லத்தீனில் 'ஓபுஸ்' என்றால் வேலை, 'ஃபாகெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து பிறந்தது 'ஒஃபிகியும்': செய்ய வேண்டிய வேலை, கடமை. அதாவது ஆபீசர் என்பவர் ஆதியில் வேலை செய்கிறவர்தான். நாளடைவில் வேலை கழன்றுபோய் நாற்காலி மட்டும் மிஞ்சியது. அந்த நாற்காலியோடுதான் சொல் தமிழுக்கு வந்து சேர்ந்தது. நம் வாயில் ஆபீசர் என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பிறரை வேலை வாங்குகிறவர். 'உத்தியோகம்' கதையும் இதேதான். வடமொழியில் அதற்கு முயற்சி, ஊக்கம் என்று பொருள்; 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற பழைய வாசகத்தை இன்று சொல்கிறவர்கள் மாதச் சம்பளத்தை நினைத்துத்தான் சொல்கிறார்கள். இலங்கை அரசுத் தமிழில் ஃபீல்ட் ஆபீசருக்கு 'வெளிக்கள உத்தியோகத்தர்' என்ற நல்ல வழக்கு இருக்கிறது. வெளியே போய் வேலை செய்கிறவர் என்பது அதில் தெளிவாகக் கேட்கிறது. தமிழ்நாட்டுக் காதுக்கு 'உத்தியோகத்தர்' கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

அந்தத் துறையில் ரேஞ்சர் வேறு, ஃபீல்ட் ஆபீசர் வேறு. திட்டமிடல், சட்ட நடவடிக்கை, சூழல் கணக்கெடுப்பு, பார்வையாளர் விவகாரம் எல்லாம் பெரும்பாலும் ரேஞ்சர் பக்கம். நடைபாதை செப்பனிடுவது, வேலி போடுவது, முகாம் இடங்களையும் கழிப்பறைகளையும் சுத்தமாக வைப்பது, களை எடுப்பது, காட்டுத்தீ வந்தால் போய் நிற்பது, தீ வராமலிருக்க முன்கூட்டியே எரித்துவிடுவது, இவையெல்லாம் ஃபீல்ட் ஆபீசர் பக்கம். பதவிப் பெயரில்தான் ஆபீசர். ஆள் முழுக்கக் கைவேலைக்காரர். ஆகவே 'அலுவலர்' வேண்டாம், 'களப்பணியாளர்' போதும் என்பது என் கட்சி. நெல் அடிக்கிற களம், போர் நடக்கிற களம் என்று இரண்டு பக்கமும் வியர்வை சிந்தும் இடத்துக்கே தமிழ் 'களம்' என்று பேர் வைத்திருக்கிறது. வெறும் திறந்த வெளியைக் குறித்த ஆங்கில 'ஃபீல்ட்' என்ற சொல்லைவிட இது கனமானது.

தமிழ்நாட்டு வனத்துறைப் பதவிப் பெயர்களையும் இங்கே ஒட்டக்கூடாது. வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர், வனச்சரக அலுவலர் என்று நம்மிடம் ஒரு வரிசை உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிநிலை. வெளிநாட்டுச் செய்தியில் ரேஞ்சர் என்று கண்டவுடன் 'வனச்சரகர்' என்று எழுதிவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தொல்குடி ரேஞ்சர் என்பது ஒரு சரகத்தின் தலைமைப் பதவி அல்ல. அப்புறம், அவர்கள் பார்த்துக்கொள்ளும் இடமெல்லாம் வனமும் அல்ல. பாலை, கடற்கரை, சதுப்பு எல்லாம் உண்டு. முதுமலை போன்ற இடங்களில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் பழங்குடி இளைஞர்களின் அன்றாடம் இந்தக் களப்பணிக்குச் சற்று நெருங்கி வரும். ஆனால் நில உரிமை என்ற இடத்தில் ஒப்புமை நின்றுவிடும்.

'அபாரிஜினல்' என்பதும் லத்தீன்தான். 'அப் ஒரிகினே': தொடக்கத்திலிருந்தே. ரோமானியர் தங்கள் லாத்தியம் நாட்டின் புராண கால ஆதிமக்களை 'அபோரிகினேஸ்' என்றார்கள். பிற்பாடு ஆங்கிலேயர் அந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றிப் போய், நூற்றுக்கணக்கான மொழிகள் பேசிய பல நாட்டு மக்களின் தலையில் ஒரே முத்திரையாகக் குத்திவிட்டார்கள். இன்று அங்கே 'அபாரிஜினல்' என்று அடைமொழியாகச் சொல்வது வழக்கில் இருக்கிறது. 'அபாரிஜின்' என்று ஆளையே பெயராக்கிச் சொல்வது மரியாதைக் குறைவு. தமிழில் 'அபாரிஜின்கள்' என்று இன்னமும் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். யுயின், வொரிமி, விராஜுரி என்று அவரவர் நாட்டுப் பெயரையே சொல்வது எல்லாவற்றிலும் நல்லது.

தமிழில் 'பழங்குடி' பொருத்தமா? அந்தச் சொல்லின் பயணமே ஒரு தனிக்கதை. 'பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று' என்ற குறளில் (955) அது தொன்றுதொட்டு வரும் சிறந்த குடும்பம். குடிமை அதிகாரத்தில் வருகிறது, புகழ்ச்சிச் சொல். இன்றைக்கோ அது அரசுப் பட்டியலில் ஒரு வகை, சலுகை, சான்றிதழ். இந்தப் பட்டியல் வாடை ஆஸ்திரேலியா வரை போகவேண்டாம் என்று நினைத்தால் 'தொல்குடி' இருக்கிறது. பத்திரிகைகளில் 'பூர்வகுடி' நன்றாக ஓடுகிறது. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓசைக்காகத்தான் நான் தொல்குடி பக்கம்.

சொல்லைத் தேர்ந்தாலும் அதை ஒட்டுகிற விதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 'பெண் மருத்துவர்' என்றால் மருத்துவரே பெண். 'பெண்கள் மருத்துவர்' என்றால் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். அவர் ஆணாகவும் இருக்கலாம். அதே கணக்குத்தான் இங்கேயும். 'தொல்குடிக் களப்பணியாளர்' என்றால் அவரே தொல்குடி. 'தொல்குடியினர் களப்பணியாளர்' என்றால் தொல்குடியினருக்காக வேலை பார்க்க வந்த யாரோ. ஒரு 'இனர்' சேர்ந்ததும் ஆள் மாறிவிடுகிறார். பூங்காத் துறையில் இந்தப் பதவி தொல்குடியினருக்கென்றே ஒதுக்கப்படுவது; ஆகவே 'இனர்' கூடாது.

வேடிக்கை என்னவென்றால், மக்களுக்காக வேலை பார்க்கிற அபாரிஜினல் ஃபீல்ட் ஆபீசரும் அதே மாநிலத்தில் உண்டு. 1970-இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தொல்குடியினருக்கான சட்ட உதவி அமைப்பு தொடங்கியது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய், பிடிபட்டவருக்கும் வக்கீலுக்கும் நடுவே பாலமாக நின்றவர்களுக்கும் அங்கே ஃபீல்ட் ஆபீசர் என்றே பெயர். பெயர் ஒன்று, களம் இரண்டு. ஒருவருக்குக் காவல் நிலைய வராந்தா, இன்னொருவருக்கு மணல்மேடு. எந்த ஃபீல்ட் ஆபீசர் என்று பார்க்காமல் மொழிபெயர்க்கக் கூடாது.

சரி, இந்தக் களப்பணியாளர் நிற்கும் மண் யாருடையது? இதற்கான ஆங்கிலத் தொடர் 'ஜாயின்ட் மேனேஜ்மென்ட்'. உடனே நமக்கு வாயில் வருவது 'கூட்டு மேலாண்மை'. தமிழ்நாட்டில் 'கூட்டு வன மேலாண்மை' என்று கேட்டுப் பழகிவிட்டோம். 1990-இல் இந்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையில் தொடங்கிய ஏற்பாடு அது. அதில் காடு அரசினுடையது. கிராம வனக்குழு பராமரிப்பில் பங்கெடுக்கும், விளைச்சலில் பங்கு பெறும். நியூ சவுத் வேல்ஸில் இது தலைகீழ். 1996-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, பூங்காவின் நில உரிமை தொல்குடி நில மன்றத்தின் பெயருக்கு மாற்றப்படும். பிறகு அரசு அதே நிலத்தைக் குறைந்தது 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, வாடகை கொடுத்து, தேசியப் பூங்காவாகத் தொடர்ந்து நடத்தும். நிர்வாகக் குழுவில் தொல்குடி உரிமையாளர்களே பெரும்பான்மை. நம் பேச்சில் சொன்னால், பட்டா அவர்கள் பெயரில், அரசு குத்தகைதாரர்.

இதில் முதலில் கைமாறியது மாநிலத்தின் மேற்குக் கோடியில், புரோக்கன் ஹில் ஊருக்கு வடகிழக்கே இருக்கும் முட்டவிஞ்சி. பாறைச் செதுக்கல்களும் ஓவியங்களும் நிறைந்த இடம். பார்வையாளர்கள் தம் புனித இடங்களில் இஷ்டத்துக்கு நடமாடுவதைப் பொறுக்காமல் 1983-இல் அந்த மண்ணுக்குரியவர்கள் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். 15 ஆண்டு கழித்து, 1998-இல் பத்திரம் கைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் நடுவே, நடுவண் அரசின் கையிலிருந்த உலுரு என்ற பெரும்பாறைப் பூங்காவில் இது அதற்கு முன்பே நடந்துவிட்டது: 1985 அக்டோபர் 26 அன்று உரிமைப் பத்திரம் அனங்கு மக்களிடம் போயிற்று, உடனே அவர்கள் 99 ஆண்டுக் குத்தகைக்கு அதை அரசுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பத்திரமே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமநிலையில் இருவர் கைகுலுக்கிய கதை அல்ல இது.

'மேனேஜ்' என்ற சொல்லின் வேர் லத்தீன் 'மனுஸ்', கை. இத்தாலியத்தில் குதிரையைப் பிடித்துப் பழக்குவதைக் குறித்து, அப்புறம்தான் மற்றதற்கெல்லாம் பரவியது. நம் 'மேலாண்மை'யோ மேலே நின்று ஆள்வது. மண்ணைக் குதிரையாகவும் ஆளவேண்டிய பொருளாகவும் பார்க்காத மக்களின் வேலைக்கு இரண்டுமே இடிக்கிறது. அவர்கள் ஆங்கிலத்தில் சொல்வது 'கேரிங் ஃபார் கன்ட்ரி'. இந்தக் 'கேர்' பழைய ஆங்கிலத்தில் துயரம், கவலை. இன்றும் நம் வீடுகளில் அக்கறையும் கவலையும் ஒன்றாகத்தானே வருகின்றன! தமிழில் இதற்கு நேரான சொல் 'பேணுதல்'. 'தந்தை தாய்ப் பேண்' என்று ஆத்திசூடியில் படித்த அதே பேணுதல். அதில் உணவு கொடுப்பதும் உண்டு, வணங்குவதும் உண்டு. ஆகவே 'கூட்டுப் பேணல்' என்றே சொல்லலாம் என்று எனக்கு ஆசை. அலுவல் கடிதத்துக்கு அது கொஞ்சம் கவிதையாகப் போய்விடும் என்பவர்களுக்குக் 'கூட்டுப் பராமரிப்பு' இருக்கிறது.

'கன்ட்ரி'தான் கடினம். தொல்குடி ஆங்கிலத்தில் அது தேசம் அல்ல, கிராமப்புறமும் அல்ல. மண், நீர், மரம், விலங்கு, முன்னோர், கதை, அதற்குரிய கடமை எல்லாம் சேர்ந்த ஒன்று. மாநிலத்தின் தென்கரையில் ஒரு மலை இருக்கிறது. 1770-இல் கப்பலிலிருந்து பார்த்த ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் அதற்கு 'டிராமடரி' என்று, ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் பெயரை வைத்துவிட்டுப் போனார். யுயின் மக்களுக்கு அது குலாகா, தாய். கடலில் தெரியும் பருங்குபா தீவு அவள் பிள்ளை. 2006-இல் குலாகா தேசியப் பூங்கா அவர்களிடம் திரும்பியது. ஒட்டகத்தை நிர்வகிக்கலாம். தாயைப் பேணத்தான் முடியும்.

இதைப் படித்ததும் தமிழருக்குத் 'திணை' நினைவுக்கு வரும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்று தொல்காப்பியம் அடுக்கும் கருப்பொருள் பட்டியல் கன்ட்ரிக்கு அச்சாகப் பொருந்துவதுபோலத் தோன்றும். நானும் அதில் மயங்கியவன்தான். ஆனால் திணை ஒரு வகை. எந்த மலையும் குறிஞ்சி. கன்ட்ரியோ குறிப்பிட்ட மக்களின் குறிப்பிட்ட இடம். குலாகா யுயின் மக்களுடையது, வேறு மலை வேறொருவருடையது. ஆகவே திணையை விட்டுவிடலாம். 'தாய்மண்' என்பது அருகில் வருகிறது. இந்த மண்ணையெல்லாம் ஆளில்லாப் புறம்போக்காக நினைத்துத்தான் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பு சட்டப்படி செல்லாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொல்ல 1992-இல் மாபோ தீர்ப்பு வர வேண்டியிருந்தது.

இவர்கள் வேலை பார்க்கும் இடங்களின் பெயரில் வரும் 'கன்சர்வேஷன் லேண்ட்' எளிது. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குக் 'காப்புக்காடு' என்று முன்பே அருமையாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதே அச்சில் 'காப்பு நிலம்'.

வொரிமி காப்பு நிலங்களை எடுத்துக்கொள்வோம். நியூகாசிலுக்கு வடக்கே, 32 கிலோமீட்டர் நீளும் ஸ்டாக்டன் கடற்கரையை ஒட்டிய மணல்மேடுகள். நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல். 2007-இல் வொரிமி மக்களிடம் திரும்பின. மணலுக்குள் அவர்கள் முன்னோர் தின்றுவிட்டுப் போட்ட சிப்பி ஓட்டுக் குவியல்கள் புதைந்திருக்கின்றன. மேலே விடுமுறைக்காரர்களின் ஜீப்புகள் ஓடுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது களப்பணியின் ஒரு பாதி. இன்னொரு பாதி பிட்டூ புதர் என்ற களை. தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பாரத்துக்குப் போட்ட மண்ணோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். 1908-இல் முதன்முதலாகக் கண்ணில் பட்டது இதே ஸ்டாக்டனில்தான். அது போதாதென்று 1946 முதல் 1968 வரை, மணல்மேடு சரியாமல் பிடிக்கும் என்று அரசே கடற்கரை நெடுக நட்டது. இன்று அதைப் பிடுங்கவும் அரசே சம்பளம் கொடுக்கிறது. நம் மலைகளில் உண்ணிச்செடி படுத்தும் பாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த உண்ணிச்செடியும் அந்த மாநிலத்தில் ஒரு தீராத தொல்லைதான்.

இனி, எழுதும்போது எப்படிக் கையாள்வது? முதல் முறை வரும்போது முழுசாக: 'வொரிமி காப்பு நிலங்களைப் பேணும் தொல்குடிக் களப்பணியாளர்'. அடுத்தடுத்து வரும்போது வெறும் 'களப்பணியாளர்'. ஆளின் ஊர்நாடு தெரிந்தால் 'வொரிமிக் களப்பணியாளர்' இன்னும் நேர்த்தி. ஆனால் அந்தப் பதவிக்கு வேறு நாட்டுத் தொல்குடியினரும் வரலாம் என்பதால், கேட்டுக்கொண்டு எழுதவேண்டும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்: 'காற்றில் மணல் விலகி சிப்பிக் குவியல் வெளியே தெரிந்ததால், களப்பணியாளர் இருவர் காலையிலேயே போய் அந்தப் பக்கத்து ஜீப் தடத்தை அடைத்தார்கள்.'