வேம்பயர் – சொல் விளக்கம்

வேம்பயர்: புதைத்த குழியிலிருந்து எழுந்து வந்து, உயிரோடு இருப்பவர்களின் இரத்தத்தைக் குடிக்கும் பிணம். தமிழில் இரத்தக்காட்டேரி.

செர்பிய மொழியின் ‘வம்பீர்’ ஜெர்மன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதைப் பரப்பியது கதை அல்ல, ஓர் அரசாங்க அறிக்கை. செர்பியக் கிராமம் ஒன்றில் குழிகளைத் தோண்டிப் பார்த்த ஆஸ்திரிய ராணுவ மருத்துவர் 1732இல் எழுதியது அது. அர்னால்ட் பவுலே என்பவர் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தாராம். சுமார் 40 நாள் கழித்து ஊரார் தோண்டினால் உடல் அழுகவில்லை. கண்ணிலும் மூக்கிலும் புது இரத்தம். புது நகம் வேறு. நெஞ்சில் கழியை இறக்கியதும் முனகியதாக ஊரார் சொன்னார்கள். அதே ஆண்டு லண்டன் பத்திரிகைகளிலும் சேதி வந்தது.

கவனியுங்கள், இது உப்பிச் சிவந்த நாட்டுப்புறத்துப் பிணம். வெளிறிய முகமும் பிரபுப் பட்டமும் ரொமான்டிக் இலக்கியக் காலத்தில் ஒட்டியவை. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் ஆங்கிலக் கவிஞர் பைரன் பாதியில் விட்ட கதையை எடுத்து, அவருடைய மருத்துவர் பொலிடோரி ‘தி வேம்பயர்’ எழுதினார். 1819இல் பத்திரிகை அதைப் பைரன் பெயரிலேயே அச்சிட்டுவிட்டது! அதில் வரும் ரத்வன் பிரபு லண்டன் விருந்துகளில் உலாவுகிறார், பெண்களை மயக்குகிறார், கடைசியில் நாயகனின் தங்கையையே மணந்து கொல்கிறார். ஆளே பைரனின் சாயல்தான். ஊரைப் பயமுறுத்திய பிணம் நடுக்கூடத்து விருந்தாளி ஆனது இங்கேதான்.

சரி, தமிழில்? நம் பேய்க்குக் கால் தரையில் பாவாது, அதற்கு உடம்பு கிடையாது. வேதாளம் அடுத்தவர் பிணத்தில் புகுவது. விக்கிரமாதித்தன் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்ட் பர்ட்டன் வேதாளத்தை வேம்பயர் ஆக்கினார். அது பொருந்தாது, வேம்பயர் தன் உடம்போடுதான் எழும். வெறும் ‘காட்டேரி’ என்பதும் சிக்கல். பல குடும்பங்களில் காட்டேரி படையல் போட்டுக் கும்பிடும் தெய்வம். ஆகவே சோம்பல்படாமல் ‘இரத்தக்காட்டேரி’ என்று முழுதாகவே எழுதலாம். ரத்வனைப் போன்ற சீமான்களுக்கு மட்டும் எனக்கு ‘வேம்பயர்’தான் வாயில் வருகிறது.