கொப்பியில் இல்லாத பெயர்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கொரோனா ஊரடங்கு தொடங்கியது. முகக்கவசம் எத்தனை, சவர்க்காரம் எத்தனை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து ஒரு அம்மா அழைத்தார்.

"மிஸ், இவருக்குக் கதீற்றர் மாத்திற நாள் கடந்திட்டுது. காய்ச்சலும் காயுது. பஸ்ஸும் இல்லை, என்ன செய்யிறது?"

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, 2009இலிருந்து படுக்கையில் இருப்பவர் அவருடைய கணவர். சிறுநீர் போவது கதீற்றர் குழாய் வழியாகத்தான். அந்த வீட்டுக்கு நான் மாதாமாதம் போயிருக்கிறேன், கர்ப்பிணியான மகளைப் பார்க்க. என்னைப் போன்ற குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடுகள் தாய்க்கும் சேய்க்கும் உரியவை. உள்ளறையில் படுத்திருந்த மனிதரின் பெயர் அவற்றில் எங்கும் இல்லை. அன்றே வைத்தியசாலையுடன் பேசினேன். மறுநாள் தாதி ஒருவர் வீட்டுக்குப் போய்க் கதீற்றரை மாற்றினார். ஒரு நாள் தாமதம். அந்த ஒரு நாள் இன்னமும் என் மனதில் கிடக்கிறது.

பிறகு ஒரு கொப்பி வாங்கினேன். கிராம அலுவலரையும் மாதர் சங்கத் தலைவியையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். பஸ் நின்றால் யார் முதலில் விழுவார்? இந்த ஒரு கேள்விதான். இன்சுலின் போடுகிறவர், வலிப்பு மாத்திரை எடுக்கிறவர், இரத்தச் சுத்திகரிப்புக்கு வவுனியா போகிறவர், படுக்கைப்புண் உள்ளவர், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனியே வாழும் ஆச்சி. மாத்திரை எத்தனை நாளுக்கு மிச்சம் என்றும் எழுதினோம். கிளினிக் மருந்துகள் தபாலில் வரத் தொடங்கியபோது, இலக்கமில்லாத மீள்குடியேற்ற வீடுகளைத் தேடித் தபால்காரத் தம்பி இந்தக் கொப்பியைத்தான் கேட்டு வந்தார்.

தனிமைப்படுத்திய வீடுகளில் இன்னொன்று கண்டேன். பலருக்குச் சொந்தக் கிணறு இல்லை. 14 நாள் வெளியே வரக்கூடாது என்றால் தண்ணீர் யார் கொண்டுவருவது, மாட்டை யார் அவிழ்ப்பது? அதற்கு ஆள் ஒழுங்கு செய்யாத இடங்களில் சனம் காய்ச்சலை மறைத்தது. அவர்களில் நான் பிழை காணமாட்டேன்.

2021 ஓகஸ்டில் கொரோனா நோயாளரை வீட்டிலேயே பராமரித்தபோது, விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் ஒக்சிமீற்றர் என் கைப்பையில் இருந்தது. திண்ணையில் வெற்றிலை போட்டபடி இருந்த ஐயா ஒருவர், "எனக்கொண்டும் இல்லைப் பிள்ளை, கொஞ்சம் களைப்புத்தான்" என்றார். கருவி 88 காட்டியது. இந்த நோயில் ஒட்சிசன் இறங்கினாலும் சிலருக்கு மூச்சுமுட்டு உடனே தெரியாது. ஆகவே கேட்பதோடு நிற்காமல் அளந்து பார்க்கவேண்டும். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால், கை குளிர்ந்திருந்தால் அளவு பிழைக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, இலக்கம் ஒரு நிலைக்கு வரும்வரை பொறுத்திருங்கள். 94க்குக் கீழே என்றால் வைத்தியரிடம் சொல்லவேண்டும். 90க்கும் குறைந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1990க்கு அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது.

எங்கள் பக்கத்தில் குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல் வரும் வீடுகள் உண்டு. இருட்டினால் காட்டுப்பாதையில் யானை. அதனால் சந்தேகமான வீடுகளுக்குப் பொழுது சாய முன்னரே இரண்டாம் தடவை போய் அளந்துவிடுவேன்.

இப்போது அந்தக் கொப்பியைத் திரும்ப எழுதுகிறேன். பாதித் தொலைபேசி இலக்கங்கள் மாறிவிட்டன. உங்கள் வீட்டு உள்ளறையிலும் ஒருவர் படுத்திருந்தால், மிஸ் அடுத்தமுறை பிள்ளையை நிறுக்க வரும்போது அவரையும் காட்டுங்கள்.